வயலுக்குக் கீழே பலம்

வவுனியாவில் ஜப்பான் மொழி வகுப்பில் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. வகுப்பிலேயே மூத்த ஆள் நான்தான். முன் வரிசைகளில் உயர்தரம் முடித்த பெடியள், கடைசியில் நாங்கள் நாலைந்து பெண்கள். சோதனை பாஸ் பண்ணி, ஜப்பானில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போவதுதான் எல்லாருக்கும் நோக்கம். மல்லாவியிலிருந்து விடியவே வெளிக்கிட்டு, மாங்குளத்தில் பஸ் மாறி வருவேன். காலில் வயல் சேறு காய்ந்திருந்தால், கீழே கடைக்காரரின் குழாயில் கழுவிவிட்டு மாடிக்கு ஏறுவேன்.

அன்றைக்கு எங்களுக்குப் படிப்பிக்கும் சேர் பலகையில் எழுதிய எழுத்து 男. சேர் ஜப்பானில் கனகாலம் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டு வந்தவர். எழுத்தைப் பிய்த்துப் பிய்த்துக் கதை போலச் சொல்லித் தருவார்.

“மேல ஒரு பெட்டி, நாலாய்ப் பிரிச்சிருக்கு. வரம்பு கட்டின வயல். ‘த’ எண்டு சொல்லுறது. கீழ இருக்கிறது ‘சிக்கரா’, பலம். வயலும் பலமும் சேர்ந்தால் என்ன?”

சேரே பதிலையும் சொன்னார்.

“ஆம்பிளை. ‘ஒதொகோ’. வயலில பலத்தைக் காட்டுறவன் ஆம்பிளை. இனி மறக்க மாட்டியள்.”

முன் வரிசை மேசையில் தட்டிச் சிரித்தது. ஒருத்தன் சட்டைக் கையை மடித்துப் புயத்தைக் காட்டினான். மண்வெட்டி பிடித்த கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அது அந்தக் கை இல்லை.

எனக்குக் காது சுட்டது. அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த நாளிலிருந்து எங்கள் வயலைச் செய்தது நான். குளத்துப் பாய்ச்சலுக்குக் கீழே, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்குக் கிடைத்த காணிகளில் ஒன்று. லான்ட்மாஸ்டர் கை உழவு இயந்திரத்தைப் பிடித்து உழுதது நான். மருந்துத் தாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு அடித்தது நான். தண்ணீர் முறை வரும்போது மேல்காணிக்காரரோடு சண்டை பிடித்து மடையைத் திறந்ததும் நான். தம்பி கொழும்பில் ஒரு கடையில் நின்றான். பொங்கலுக்கு வருவான், புது அரிசிச் சோறு சாப்பிடுவான், போய்விடுவான்.

எழும்பிக் கேட்டேன். “சேர், வயல் செய்யிற பொம்பிளைக்கு என்ன எழுத்து?”

“அப்பிடித் தனி எழுத்து இல்லைத் தங்கச்சி. பொம்பிளைக்கு ‘ஒன்னா’. அது முழங்காலில இருக்கிற வடிவம் எண்டு சொல்லுவினம்.”

“ஆர் அவவை முழங்காலில இருக்கச் சொன்னது?”

வகுப்பு முழுக்கச் சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள். அதுதான் இன்னும் கூட எரிந்தது.

“நானே இதைக் கண்டுபிடிச்சனான்? சோதனைக்கு வரும், பாடமாக்குங்கோ,” என்று சொல்லிவிட்டு, அந்த எழுத்து வரும் சொற்களைச் சேர் எழுதத் தொடங்கினார். ‘தன்செய்’ என்றால் ஆண். ‘ஒதொகோ நோ கோ’ என்றால் பெடியன். ‘சோனான்’ என்றால் மூத்த மகன்.

“மூத்தது அக்கா எண்டால், சேர்?”

“அக்காமார் எத்தினை பேர் இருந்தாலும் முதல் பிறந்த ஆம்பிளைப் பிள்ளைதான் சோனான்.”

இதை எனக்கு ஜப்பான்காரர் வந்து படிப்பிக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் வயல் அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்தது. தனக்குப் பிறகு உரித்து யாருக்கு என்று அப்பா தம்பியின் பெயரைத்தான் பதிந்திருந்தார். அப்போது அவன் பால்பல் விழாத பிள்ளை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிழமை முடிவதற்குள் தம்பி வந்தான். வயலைக் குத்தகைக்குக் கொடுக்க ஆள் பார்த்தாயிற்று என்றான்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டனியே?”

“நீ ஜப்பான் போகப்போறாய் அக்கா. பிறகு உனக்கேன் வயல்?”

“நான் ஏன் போறன் எண்டு கேட்டனியே? எனக்கெண்டு ஒரு துண்டுக் காணி இருந்தால் முன்னப் பின்ன தெரியாத சனத்தைக் குளிப்பாட்ட ஏன் கடல் தாண்டிப் போறன்?”

அவன் அப்பாவைப் பார்த்தான். நோய் வந்த பிறகு அப்பாவுக்கு ஒரு வசனத்தை முடிப்பதே பெரும்பாடு. தண்ணீர் கேட்கவே திணறுவார். ஆனால் இதை ஒரே மூச்சில் சொன்னார்: “ஆம்பிளைப் பிள்ளையின்ர பேரில இருக்கிறதுதானே முறை.”

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இப்போது முழுக்க ஞாபகமில்லை. அம்மா குசினி அடுப்பை விட்டு ஓடிவந்து, “கத்தாதை பிள்ளை, அயலுக்குக் கேக்கும்,” என்றா.

“கேக்கட்டும்,” என்றேன்.

காலபோக விதைப்புக்குக் குத்தகைக்காரரின் பெரிய ட்ரக்டர் இறங்கியது. நான் மண் இழுத்துக் கட்டிய குறுக்கு வரம்பை அது கரைத்துக்கொண்டு போனது. நான் ஓடிப்போய் மறித்தேன். சாரதி மரியாதையாகத்தான் கேட்டான். “காணிக்காரர் ஆர், அக்கா? அவரைச் சொல்லச் சொல்லுங்கோ.” விலகி வழி விட்டேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். வேறு என்ன செய்ய? கோபத்தில் படித்தால் நன்றாக ஏறும் என்று அப்போதுதான் தெரிந்தது.

சோதனை பாஸ். பிறகு கணினித் திரையில் நேர்முகம். முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டால், வீட்டிலிருந்து குடும்பத்துக்கு உதவினேன் என்று சொல்லும்படி சேர் எங்கள் எல்லாருக்கும் ஒரே பதிலைப் பாடமாக்கித் தந்திருந்தார். திரையில் கண்ணாடி போட்ட ஒரு ஜப்பான் பெண் அதையேதான் கேட்டா. “தன்போ தெ ஹதராகிமாஷித,” என்றேன். வயலில் வேலை செய்தேன். அவ முன்னுக்குச் சாய்ந்து, உங்கள் அப்பாவின் வயலா என்று கேட்டா. பக்கத்தில் நின்ற சேர் தலையாட்டச் சொல்லிக் கண் காட்டினார்.

“இல்லை,” என்றேன் அவர்களுடைய மொழியில். “என்ர வயல்.”

சட்டப்படி அது பொய். அதைவிட உண்மையாக நான் எதையும் சொன்னதில்லை.

என்னை வேலைக்கு எடுத்துவிட்டார்கள். விசா வந்த அன்று தம்பி கொழும்பிலிருந்து போன் எடுத்தான். “எங்கட அக்கா ஜப்பான் போறா எண்டு கடையில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்,” என்றான், பெருமை பொங்கும் குரலில். நான் போனை வைத்தேன். அவன் திரும்பவும் போன் எடுத்தான். அது அடித்து ஓயும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.