ஸ்பெயர் வண்டிச் சோலைமலை

சோலைமலைக்கு நகரசபையில் வேலை கிடைத்த அன்று தோட்டத்து லயத்து வரிசையில் மூன்று வீடுகளில் பாயாசம் வைத்தார்கள். அவன் வீட்டில் வைத்தது நியாயம். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் ஏன் வைத்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து லொறிக்குக் கிளீனராக இருந்தவன் காக்கிச் சட்டை, பித்தளைத் தொப்பி சகிதம் ஃபயர் இஞ்சின் டிரைவராகிவிட்டால், அந்தச் சந்தோஷம் ஒரு வீட்டுக்குள் அடங்காதுதான்.

அவன் ஓட்டப்போவது ஸ்பெயர் வண்டியை, அதாவது மாற்றுக்கு நிற்கும் வண்டியை என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிய வந்தது. குடித்த பாயாசத்தை என்ன செய்ய முடியும்?

எந்தப் பட்டணம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நகரசபைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்கு அவர்களோடு ஏற்கெனவே குழாய்த் தண்ணீர் விசயத்தில் ஒரு தகராறு இருக்கிறது. மலைநாட்டில் ஒரு பட்டணம், அதில் ஒரு தீயணைப்பு நிலையம், அதில் இரண்டு வண்டிகள். அவ்வளவு போதும்.

பெரிய வண்டி என்றால் அது பெரிய வண்டி. அதன் டிரைவர் மர்சூக் நானா, முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாரென்றால் கவர்னர் வருவது போல இருக்கும். மற்றது ஸ்பெயர். அது கொழும்பில் யுத்த காலத்தில் வாங்கப்பட்டது. அங்கே முன்னால் போக வேறு வண்டிகள் நிறைய இருந்ததால், அங்கேயும் அது ஸ்பெயர்தான். ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்றைக்குக்கூட அதைக் கொட்டகையை விட்டு எடுக்கவில்லையாம். சுதந்திரம் கிடைத்த மறுவருசம், இனி வைத்திருக்க இடமில்லை என்று மலைக்கு அனுப்பிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து ஒரு நெருப்பையும் பார்க்காத ஃபயர் இஞ்சின் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்பெயர் வண்டிக்கு ஒரு சட்டம் உண்டு. அதில் தண்ணீர் அடிக்கும் ஹோஸ் இருக்காது, ஏணி இருக்காது, கோடரி இருக்காது. எல்லாம் பெரிய வண்டியில்தான். பெரிய வண்டி பழுதாகிப் படுத்தால் அதிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி ஸ்பெயரில் ஏற்றி, அதை அனுப்புவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பெரிய வண்டி படுப்பதாயில்லை. மர்சூக் நானா அதைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். அதற்குத் தும்மல் வந்தால் இவருக்குக் காய்ச்சல் வரும்.

அதனால் ஸ்பெயர் வண்டி நெருப்பைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் போனது. நகரசபைத் தலைவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அதில்தான் ஊர்வலம் வந்தார். பூக்கண்காட்சிக்குச் செடிகள் போயின. மாரியம்மன் திருவிழாவில் தேர் அச்சு முறிந்துபோன வருசம், அம்மனையே அதில் ஏற்றி வாழைமரம் கட்டி, தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோனார்கள். சனங்களுக்கு அது பிடித்துப்போய்விட்டது. அடுத்த வருசம் தேரைச் சரிசெய்த பிறகும், "அம்மா செகப்பு வண்டியிலதான் வருவா" என்று பிடிவாதமாக நின்றார்கள். அம்மன் வரும்போது மட்டும் வண்டி மணியை அடித்துக்கொள்ள நகரசபை அனுமதி கொடுத்தது. மற்ற நேரத்தில் நெருப்புக்குப் போனால்தான் மணி.

சோலைமலை சிரித்துக்கொண்டேதான் எல்லாவற்றையும் செய்தான். ஆனால் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான். ஒருமுறை, ஒரேயொரு முறை, பெரிய வண்டிக்குப் பதிலாக இவன் வண்டி முன்னால் போக வேண்டும். அவன் மனைவி பேச்சியம்மா கொழுந்து எடுக்கும் மலைக்குக் கீழேதான் ரோடு போகிறது. அவள் பார்க்க வேண்டும். லயத்தில் பெண்கள் அவளிடம், "ஒங்க வீட்டுக்காரரு வண்டி இன்னக்கி கல்யாணத்துக்கா, கருமாதிக்கா?" என்று கேட்கிறபோதெல்லாம் அவள் ராத்திரி ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டாள்.

கடைசியில் பொறுக்க முடியாமல் அவன் ரோதைமுனியிடம் போனான். தேயிலை ஆலைச் சக்கரத்துக்குக் காவல் நிற்கிற சாமி, எல்லாச் சக்கரத்துக்கும் பொறுப்பு எடுக்காதா என்ன? சுருட்டு ஒன்றைப் பற்றவைத்துக் கல்லின்மேல் வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

"சாமி, பெரிய வண்டிக்குச் சின்னதா எதாவது வரட்டும். பெருசா வேணாம். ஒரு வாரம் படுத்துக் கெடக்கணும், அம்புட்டுதான். ஒனக்கு ஒரு சேவல அறுத்துப் போடுறேன்."

அடுத்த வாரம் ஒரு காலை, மேல்மலைத் தோட்டமொன்றின் பங்களாவிலிருந்து டெலிபோன் வந்தது. சீமையிலிருந்து புதிதாக வந்த தொரசாணி, ஆலைக்கு மேலே புகை கிளம்புகிறது என்று அலறினாள். அது பனிமூட்டம் என்று நிலையத்தில் எல்லோருக்கும் தெரியும். புதுத் தொரசாணி வருகிறபோதெல்லாம் பனிமூட்டத்தை அணைக்க ஒருமுறை போய் வருவது வழக்கம். நிலையத்துத் தலைவர் சீப் மாத்தயா தொப்பியை மாட்டினார், மர்சூக் நானா சட்டையை மடித்தார், பெரிய வண்டி மணியடித்துக்கொண்டு புறப்பட்டது. நிலையத்தில் மிஞ்சியது சோலைமலையும் டெலிபோன் கிளார்க் பொன்னையாவும்தான்.

கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து வந்த பஸ் வாசலில் நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"யாராச்சும் இருக்கீங்களா? ஒங்க ஃபயர் இஞ்சின் நெருப்புப் புடிச்சு எரியுது!"

பொன்னையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சோலைமலைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஐயோ முனி, நான் சின்னதாத்தானே கேட்டேன்!"

அவன் ஸ்பெயரில் ஏறிக் குந்தினான். பொன்னையா பின்னாலேயே ஓடிவந்தார்.

"சோல, ஹோஸ் இல்லாம என்னத்த அணைக்கப் போற?"

"ஹோஸ் அந்த வண்டியில இருக்குங்க."

"எரியுற வண்டியிலயா?"

"ஆமாங்க."

 பொன்னையா பின்னால் போய் வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். அது தள்ளினால்தான் ஸ்டார்ட் ஆகும். கடைக்காரர்களும் வழக்கம் போல வந்து கைகொடுத்துவிட்டு, "யாரு ஊட்டுக் கலியாணம்?" என்று விசாரித்தார்கள்.

சோலைமலை மணியை இழுத்து இழுத்து அடித்தான். இத்தனை வருசத்து ஆசையும் அந்தக் கையில் இறங்கியிருந்தது. வந்தது வினை. முதல் தோட்டத்து லயத்திலிருந்து பெண்கள் தேங்காய்த் தட்டோடு ஓடிவந்து நடு ரோட்டில் நின்றார்கள். ஒரு பெரியவர் வண்டிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"அம்மா எங்க தம்பி? பின்னாடி வாறாளா?" என்று ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"அம்மா வரலங்க, வழி விடுங்க! நெருப்பு!"

"இந்தா, கற்பூரத்துக்கு நெருப்பு இருக்கு" என்று அவள் தட்டிலேயே கொளுத்திவிட்டாள்.

பூசை போடாமல் நகர விடமாட்டார்கள் என்று தெரிந்ததால், சோலைமலை ஃபயர் இஞ்சினுக்குச் சூடம் காட்டும் வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திருநீறு பூசிவிட்டார்கள். கிளப்பினான். வளைவு தாண்டியதும் மேல்மலையில் கூடையும் தலையுமாகப் பெண்கள் தெரிந்தார்கள். அங்கேயும் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். நடுவில் பேச்சியம்மா.

"புள்ளே! சாமி இல்ல புள்ளே! நெசம்மாவே நெருப்புக்குப் போறேன்!"

பேச்சியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் குலவையிட்டாள். மலை முழுக்கச் சேர்ந்து குலவையிட்டது. நெருப்புக்குப் போகிறவனைக் குலவையிட்டு வழியனுப்பியது எந்த ஊரிலும் நடந்திருக்காது. சோலைமலைக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் அதைவிடப் பெரிதாக அவன் வேறெதையும் கேட்டதில்லை.

ஏற்றத்தின் உச்சியில் பெரிய வண்டி மூக்கிலிருந்து எரிந்துகொண்டிருந்தது. அதன் பம்பு அதன் இஞ்சினில்தான் ஓடும். இஞ்சினே எரிகிறது. முதுகு நிறைய ஹோசைச் சுமந்துகொண்டு, பக்கத்தில் ஓடை சலசலக்க, தன்னைத் தானே அணைத்துக்கொள்ள வழியில்லாமல் நின்றது. ஆட்கள் தொப்பியில் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சோலமல! ஹோஸ் கொண்டா!" என்று கத்தினார் சீப் மாத்தயா.

"ஒங்ககிட்டத்தான் இருக்குங்க மாத்தயா!"

சீப் மாத்தயா திரும்பிப் பார்த்தார். பின்பக்கம் இன்னும் பற்றவில்லை. ஆனால் போக யாருக்கும் தைரியமில்லை. "வேணாம், யாரும் கிட்ட போக வேணாம்" என்றார்.

சோலைமலை நின்றான். பொய் சொல்வானேன், அவனுக்கு ஒரு நினைப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் நின்றால் போதும். பெரிய வண்டி சாம்பலாகிவிடும். நாளையிலிருந்து இவன் வண்டிதான் முன்னால். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். தலைவரே போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ரோட்டோரத்தில் மர்சூக் நானா குந்திக்கொண்டு, மடித்த சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதார். "என்ட வண்டி, யா அல்லா, என்ட வண்டி."

 கேட்டது இவன். கொடுத்தது முனி. அழுவது நானா. அவன் ஓடினான். பின்பக்கத்தில் ஏறி ஹோஸ் சுருளை அணைத்துப் பிடித்துக்கொண்டு குதித்தான். புருவம் ஒன்று பொசுங்கிப்போனது. அதைப் பார்த்து மர்சூக் நானாவும் ஓடி, உறிஞ்சு குழாயை இழுத்துவந்தார். ஒரு முனையை ஓடையில் போட்டு, மற்றதைப் பூட்டி, ஸ்பெயரின் பம்பைத் திருகினார்கள். அது ஒருமுறை செருமியது. முதலில் செவ்வந்திப் பூ வந்தது. பிறகு மாவிலை. பிறகு மாப்பிள்ளை ஊர்வலத்து அட்சதை. கடைசியில் தண்ணீர் வந்தது, வந்த வேகத்தில் சீப் மாத்தயாவின் தொப்பி பள்ளத்துக்குப் போய்விட்டது.

நெருப்பு அணைந்தபோது வெயில் ஏறி, ஆலைக்கு மேலிருந்த பனிமூட்டமும் கலைந்திருந்தது. பங்களாவிலிருந்து ஆள் வந்து, நெருப்பை நல்லபடி அணைத்ததற்குத் தொரசாணி நன்றி சொன்னதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

சோலைமலைக்கு மாலை போட்டார்கள். பெரிய வண்டி கராஜுக்குப் போனது, ஸ்பெயர் முதல் வண்டியானது. மறுநாள் அவன் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வந்து பார்த்தால், அவன் சீட்டில் மர்சூக் நானா உட்கார்ந்திருக்கிறார். முதல் வண்டி டிரைவர் மர்சூக், ஸ்பெயர் டிரைவர் சோலைமலை, அப்படித்தான் உத்தரவாம். எரிந்த வண்டி திரும்பி வந்தால் அதுதான் இனி இவனுக்கு. சோலைமலையின் முகத்தில் ஈயாடவில்லை. ரோட்டில் வைத்துத் தொப்பியைப் பிடுங்கினது போல இருந்தது.

ஆனால் மர்சூக் நானாவின் பாடு அதைவிடக் கஷ்டம். மணியடித்துக்கொண்டு போகிற இடமெல்லாம் தட்டும் தேங்காயும். "நான் முஸ்லிம், எனக்கு ஏலாது" என்று அவர் சொல்லச் சொல்ல, "ஒங்களுக்கு இல்லங்க நானா, வண்டிக்கு" என்று சூடம் காட்டினார்கள். பேக்கரியில் பற்றிய நெருப்பு, இவர்கள் மூன்று லயத்துப் பூசை முடித்துப் போய்ச் சேர்வதற்குள் தானாக அணைந்துவிட்டது. இந்த வண்டியை வைத்துக்கொண்டு நெருப்புக்குப் போக முடியாது என்று சீப் மாத்தயா தலையில் கை வைத்தார்.

பெரிய வண்டி புதுச் சிவப்போடு கராஜிலிருந்து வந்தது. அதுவே மீண்டும் முதல் வண்டி என்றார்கள். அன்று சீப் மாத்தயா சோலைமலையைக் கூப்பிட்டார்.

"நெருப்புக்குப் பயமில்லாத ஆள் நீ. இனி நீதான் பெரிய வண்டி ஓட்டணும். மர்சூக் ஸ்பெயருக்குப் போகட்டும்."

மர்சூக் நானா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சோலைமலை பெரிய வண்டியில் ஏறி உட்கார்ந்தான். சீட்டு மெத்தென்று இருந்தது. தொட்டதும் ஸ்டார்ட் ஆனது. வேண்டியதெல்லாம் கைக்குள் வந்துவிட்டது. ஆனாலும் சந்தோஷம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கொட்டகையில் மர்சூக் நானா ஸ்பெயரை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார். அது இருமியது. மறுபடி இருமியது. அவர் கதவில் ஓங்கி ஒரு குத்து விட்டு, "சனியன் புடிச்ச டப்பா" என்றார்.

சோலைமலை இஞ்சினை நிறுத்தினான். இறங்கி நடந்து அங்கே போனான்.

"நானா, எறங்குங்க. அதத் திட்டாதீங்க. அது நெருப்பே பாக்காம இருந்து, பாத்த அன்னைக்கி ஒங்க வண்டியத்தான் காப்பாத்திச்சு."

மர்சூக் நானா இறங்கினார். அவனைக் கட்டிப்பிடித்தார். பிறகு இருவரும் சேர்ந்து ஸ்பெயரைத் தள்ளினார்கள்.

செய்தி அவனுக்கு முன்னால் லயத்துக்குப் போய்விட்டது. பேச்சியம்மா வாசலிலேயே நின்றாள்.

"ஏங்க, பெரிய வண்டி குடுத்தாங்களாமே?"

"குடுத்தாங்க. எறங்கிட்டேன்."

திட்டப்போகிறாள் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவனுடைய பொசுங்கிய புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள். "வெள்ளிக்கிழம பக்கத்து வீட்டு நாகலெட்சுமி புள்ளைக்கிச் சடங்கு. ஒங்க வண்டி வரும்னு அப்பவே சொல்லிப்புட்டேன்."