மாதத்தில் ஒரு வியாழக்கிழமை

இருபத்தைந்து வருடம் கொசுவைப் படித்தவள் நான். அதன் காலில் எத்தனை வெள்ளை வளையம், எந்த நேரத்தில் கடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மனிதர்களைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்பது மதுரைப் பக்கம் கப்பலூர் தாண்டிய ஓர் ஊரில்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஊரில் ஐந்து நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வரும். அதனால் வீட்டுக்கு வீடு இரண்டு மூன்று நீல டிரம் நிற்கும். டெங்கு கொசு முட்டையிடுவது அந்த நல்ல தண்ணீரில்தான். டிரம்மின் வாயில் எலாஸ்டிக் தைத்த வலைத்துணியை மாட்டிவிட்டால் கொசு உள்ளே போகாது என்பது என் யோசனை. பாதித் தெருக்களுக்கு வலைமூடி கொடுத்தேன், மீதிக்குக் கொடுக்கவில்லை. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை போய் இரண்டு பக்கமும் டிரம்மில் கொசுப்புழுக்களை எண்ணினேன். கொடுத்த தெருக்களில் தண்ணீர் பளிங்காக இருந்தது. கொடுக்காத தெருக்களில் புழு நெளிந்தது. மூன்று வருடம் இப்படியே போயிற்று. கட்டுரை அச்சானது, பதவி உயர்வு வந்தது, வேறு மாவட்டங்களுக்கும் வலைமூடி கொடுக்க உத்தரவு போனது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூடி கொடுத்த தெருவில் முதல் வீட்டுக்காரி, பக்கத்துத் தொழிற்சாலையில் மதிய ஷிப்ட் பேக்கிங் வேலைக்குப் போகிறவள். ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. என்னைப் பார்த்தாலே, "யம்மா, கொசு மேடம் வந்துட்டாங்க" என்று உள்ளே பார்த்துக் கத்துவாள். எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஒரு மாதம் வியாழக்கிழமைக்கு ஜீப் கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமையே போய்விட்டேன். முந்தின நாள் ஊரில் சொல்லிவைக்கும் கிராமத்து நர்சுக்கும் தகவல் சொல்லவில்லை. கதவைத் திறந்த முதல் வீட்டுக்காரியின் முகம் செத்துப்போயிற்று.

"என்ன மேடம், சொல்லாமக் கொள்ளாம வந்துட்டீங்க?"

டிரம் திறந்து கிடந்தது. டார்ச் அடித்தால் தண்ணீர் தெரியவில்லை, அத்தனை புழு. வலைமூடி துவைத்து மடித்து அலமாரியில் இருந்தது. எனக்கு வந்த கோபத்தில் ஏதேதோ கத்தினேன். அவள் சங்கடத்தோடு நின்றாள்.

"தண்ணி மொள்ளத் தோதுப்படல மேடம், ஒவ்வொருக்கா கழட்டி மாட்டணும். ஆசையாக் குடுத்தத வேணாம்னா சொல்ல முடியும்? நீங்க வாரீங்கன்னு நர்சம்மா போன் போட்டதும், தெருவே டிரம்மக் கவுத்துத் தேய்ச்சு, லாரித் தண்ணி வாங்கி ஊத்தி, மூடிய மாட்டிருவோம். இம்புட்டுத் தூரம் வாரவங்களுக்கு அழுக்குத் தண்ணியவா காட்டுறது?"

விருந்தாளி வரும்போது வீட்டைக் கூட்டி வைப்பது போலத்தான் செய்திருக்கிறார்கள். மூடி வாங்காத தெருக்காரர்களுக்கு அந்தக் கடமை இல்லை, அவர்கள் தேய்க்கவும் இல்லை. மூன்று வருடமாக நான் எண்ணிக்கொண்டிருந்தது இவர்களுடைய மரியாதையை.

கிளம்பும்போதுதான் அவள் சொன்னாள். "பாப்பாவுக்கு நாலு நாளாக் காய்ச்சல் மேடம். நல்லவேளை, இன்னைக்கு விட்டுருச்சு."

டெங்குக் காய்ச்சலில் பயப்பட வேண்டியது அது விடுகிற நாளில்தான். உள்ளே ஓடினேன். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். கை சில்லிட்டிருந்தது. ஜீப்பில் போட்டுக்கொண்டு மதுரைக்குப் பறந்தோம். மூன்றாம் நாள் காலையில் அவள் போய்விட்டாள்.

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று எங்கள் துறைத் தலைவரிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். "உத்தரவு போயாச்சும்மா. மூடியும் தைச்சு அனுப்பியாச்சு. இப்பப் போயி தப்புன்னு சொன்னா, அடுத்து நாம என்ன சொன்னாலும் எவனும் கேக்க மாட்டான்" என்றார். அவரை மீறி கட்டுரையை வெளியிட்ட ஆய்வுப் பத்திரிகைக்கு நானே கடிதம் எழுதினேன். பரிசீலிக்கிறோம் என்று ஒரு வரி பதில் வந்தது. வருடம் ஒன்று ஆகிறது, இன்னும் பரிசீலிக்கிறார்கள். எந்தெந்த ஊர் அலமாரியிலோ என் மூடிகள் மடிந்து கிடக்கும்.

மகளின் காரியம் முடிந்த மறுவாரமே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். கட்டுரை கிடக்கட்டும், இவளிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. என் கணக்கு தப்பு, வலைமூடியால் ஒரு பலனும் நிரூபணமாகவில்லை என்றேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப நாங்க தேய்ச்சது?"

"அதுதான் பலன் கொடுத்தது. முட்டை கொசுவாக ஒரு வாரம் ஆகும். வாரம் ஒருமுறை நன்றாகத் தேய்த்தாலே போதும்."

"அத ஏன் மேடம் எங்ககிட்டச் சொல்லல?"

சொல்லியிருந்தால் மூடியால் வந்த பலன் எது, தேய்த்ததால் வந்தது எது என்று பிரிக்க முடியாது. அதனால் மூடியைத் தவிர வேறு யோசனை எதுவும் சொல்லக் கூடாது என்று ஆய்வுக்கு நானே விதி எழுதியிருந்தேன். அதையும் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கோபமே இல்லாத குரலில், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"மாசத்துக்கு ஒருக்கா வந்ததுக்கு, நீங்க வாராவாரம் வந்திருந்தீங்கன்னா, எம்புள்ள இருந்திருக்கும்ல?"

"ஆமாம்" என்றேன்.