மூணாம் முடக்கு

அரூரிலிருந்து மலைக்குப் போகும் தனியார் பஸ்ஸில் நான் கண்டக்டராகச் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். பாதை வளைந்து திரும்பும் இடத்தை எங்கள் பக்கத்தில் முடக்கு என்போம். தெருவிலும் முடக்கு உண்டு, வாய்க்காலிலும் உண்டு. மலைப்பாதையிலோ முடக்குதான் ஸ்டாப்பிங். "அஞ்சாம் முடக்கு ஒண்ணு குடுங்க" என்றுதான் டிக்கெட் கேட்பார்கள். எண்ணத் தெரிந்தால் போதும், இதென்ன பெரிய வித்தை என்று நினைத்திருந்தேன்.

சேர்ந்த வாரமே ஒரு முகூர்த்த நாள். ரெகுலர் டிரைவர் லீவு. வேறு ரூட்டிலிருந்து மாரியண்ணன் வந்திருந்தார். பஸ் முழுக்கச் சமவெளிக் குடும்பம் ஒன்று தாம்பூலத் தட்டுகளோடு ஏறியது. நிச்சயதார்த்தம். "மூணாம் முடக்குல பொண்ணு வூட்டுக்காரங்க நிப்பாங்க. அங்கிருந்து நடைதானாம்," என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

மூன்றாவது முடக்கில் விசில் கொடுத்தேன். ஒரு ஆள் இல்லை. வெகுநேரம் காத்திருந்தோம். குரங்கு ஒன்றுதான் வந்து, தட்டிலிருந்த வாழைப்பழத்தை ஆசையாகப் பார்த்தது.

பெரியவருக்கு முகம் சிவந்துவிட்டது. "வரச் சொல்லிட்டு அவமானப்படுத்தறாங்களா? இந்தச் சம்பந்தமே வேணாம். வண்டியத் திருப்புங்கப்பா."

ஜன்னலோரத்தில் மாப்பிள்ளை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். பார்க்கவே பாவமாக இருந்தது.

மாரியண்ணன் அசரவில்லை. "முடக்குல பஸ்ஸ எங்கீங்க திருப்பறது? உச்சிக்குப் போனாத்தான் எடம். அதுவரைக்கும் கோவத்தோட ஒக்காந்து வாங்க," என்று கியரைப் போட்டார்.

உச்சியை நெருங்கும்போது ஒரு முடக்கில் மேளத்தோடு கூட்டம். பெண்ணின் தாய்மாமன் பஸ்ஸை மறித்தார்.

"எத்தன நேரந்தாங்க மூணாம் முடக்குல நிக்கறது? மனசு மாறிட்டீங்கன்னு கெளம்பப் பாத்தோம்."

"மூணாம் முடக்கு கீழயே போயிடுச்சேப்பா."

"அது ஒங்களுக்குங்க. நாங்க எங்க வூட்டுல இருந்துதான எண்ணுவோம்?"

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். பிறகு மேளச் சத்தத்தையும் மீறிச் சிரிப்பு.

அன்று முதல் யார் முடக்கு கேட்டாலும், "மேலருந்தா கீழருந்தா?" என்று கேட்காமல் நான் டிக்கெட் கிழித்ததில்லை. புதிதாக வருகிற கண்டக்டர்களுக்கும் சொல்வது இதைத்தான்: எண்ணுவதற்கு முன்னால், எண்ணுகிறவர் வீடு எங்கே என்று கேள்.

அடுத்த வருடம் அதே பெரியவர் பேரனைப் பார்க்கத் தொட்டிலோடு ஏறினார். நான் வாயைத் திறப்பதற்குள், உச்சிப் பக்கம் கையைக் காட்டினார்.

"மூணாம் முடக்கு. நம்ம வூட்டுல இருந்து எண்ணிக்கப்பா."