அயலார் என்ற சொல்

நான் கண்ணால் கண்டவற்றையும், தாளில் படித்ததையும், இருவர் என்னிடம் நேரில் சொன்னவற்றையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். ஊகத்தால் நிரப்பக்கூடிய இடங்கள் சில உண்டு. அவற்றை நிரப்பப் போவதில்லை. ஒரு சொல்லைப் பிறர் எவ்வாறு படிப்பார்கள் என்று கேட்டறியாமல் ஒருமுறை அச்சுக்குக் கொடுத்தேன். இந்த எச்சரிக்கை அதன்பின் வந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பாளையங்கோட்டையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். மின்கணக்கு எடுக்க வந்ததாகச் சொன்ன ஒருவன், அடுத்த தெருவில் தனியே இருந்த மூதாட்டியின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான். காவல் நிலையத்தார் நூலகத்தில் தெருவாரைக் கூட்டினர். தனித்து வாழும் முதியோரின் வீட்டுக்குச் சனிக்கிழமைதோறும் தலைமைக் காவலர் போவது, மற்ற நாள்களில் பக்கத்து வீட்டார் காலையில் எட்டிப் பார்ப்பது, கதவின் உட்புறம் அறிவுரைத் தாள் ஒன்று ஒட்டுவது என்று முடிவாயிற்று.

தாளைத் தலைமைக் காவலர் எழுதிவந்து, பிழை பார்க்க என்னிடம் கொடுத்தார். ‘தெரியாத ஆள் வந்தால் கதவைத் திறக்காதீர்கள்’ என்று இருந்தது. அதில் பிழை இல்லை. பேச்சு நடையாக இருக்கிறதே என்று நான்தான் அதை அடித்து, ‘அயலார் வரின் கதவைத் திறவற்க’ என்று எழுதினேன்.

அவர் இரண்டு முறை வாசித்துப் பார்த்தார்.

“சார்வாள், எங்க மாமியா இதப் படிச்சா, திறவற்கங்கிறது ஏதோ பலகாரம்னுல்லா நெனைப்பா.”

“பலகாரம்னா ஒமக்குக் கொஞ்சம் கட்டிக் கொடுத்து விடச் சொல்லும் வே” என்றார் நூலகர். எல்லாரும் சிரித்தோம். நான் ‘திறவற்க’ என்பதைத் ‘திறக்க வேண்டா’ என்று மாற்றிக் கொடுத்தேன். ‘அயலார்’ அப்படியே நின்றது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

எங்கள் தெருக்கோடியில், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தனியே இருந்தார். எழுபதைக் கடந்தவர், நூலகக் கூட்டத்துக்கு வராதவர், ஒரே மகள் பம்பாயில். பக்கத்து வீட்டில் பேருந்து நடத்துநரின் மனைவி. பத்து ஆண்டுகளாக நாள்தோறும் காலையில் ஆசிரியைக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்து, சற்று நேரம் பேசியிருந்துவிட்டு வருபவர். சனிக்கிழமை தாள் ஒட்டப்பட்டது. மறுநாள் அந்தப் பெண் ஊரில் இல்லை. திங்களன்று அவர் கதவைத் தட்டியபோது உள்ளிருந்து மறுமொழி மட்டும் வந்ததாம்.

“ஏட்டையா ஒட்டுன தாள்ல அயலாருக்குத் தொறக்க வேண்டாம்னு போட்டிருக்கு. நீ அயல்லா, போ.”

அவர் முதலில் அதை விளையாட்டு என்றே எண்ணியிருக்கிறார். மறுபடி தட்டியும் கதவு திறக்கவில்லை. காப்பியைக் கொண்டுபோய் முற்றத்தில் கொட்டிவிட்டு, செவ்வாயும் புதனும் போகாமல் இருந்துவிட்டார்.

சனிக்கிழமை தலைமைக் காவலர் தட்டினார். மறுமொழி இல்லை. பின்கதவைப் பெயர்த்து உள்ளே போனார். ஆசிரியை அடுக்களைத் தரையில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது, உயிர் இருந்தது, பேச்சு இல்லை. மருத்துவமனையில் இரண்டாம் நாள் இறந்தார்.

மகள் வந்து அடக்கம் முடிந்த மாலை, நான் அந்த வீட்டுக் கதவின் உட்புறத்தைப் பார்த்தேன். ‘அயலார்’ என்பதன் கீழே ஆசிரியை சிவப்புப் பென்சிலால் கோடிட்டு, பக்கத்தில் ‘அண்டை வீட்டார்’ என்று பொருள் எழுதியிருந்தார். வகுப்பில் அச்சொல்லுக்கு அப்படித்தான் பொருள் சொல்வது வழக்கம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அச்சொல்லுக்கு அந்நியர் என்றும் பொருள் உண்டு. தாளை எழுதும்போது எனக்கு அந்தப் பொருள் மட்டுமே நினைவில் இருந்தது.

நடத்துநரின் மனைவி வாசலில் நின்றிருந்தார்.

“வியாழக்கெழம மனசு கேக்காம ஒரு தடவ போனேன், சார்வாள். தட்டுனேன். உள்ளேருந்து என்னமோ சொன்னாக. பைய சொன்னாக, எனக்கு வெளங்கல. தொறக்க மாட்டேன்னுதான் சொல்லுதாகன்னு திரும்பி வந்துட்டேன்.” பிறகு கேட்டார்: “அந்தத் தாள எழுதுனது யாரு?”

“நான்தான்” என்றேன். அவர் தம் வீட்டுக்குள் போனார்.

மறுநாள் தலைமைக் காவலர் வீடு வீடாகச் சென்று அச்சொல்லை அடித்து, ‘தெரியாத ஆள்’ என்று தம் கையால் எழுதினார். நானும் உடன் சென்றேன்.

ஆசிரியை எந்த நாளில் விழுந்தார் என்று தெரியாது. வியாழக்கிழமை காலை அவர் நின்றுகொண்டு பேசினாரா, தரையில் கிடந்து அழைத்தாரா என்பது தெரியாது. கதவுக்கு உள்ளிருந்து என்ன சொன்னார் என்பதும் தெரியாது.