ஐந்துக்கு முன்னால் ஓர் இடைவெளி

தச்சநல்லூரில் எங்கள் தெருவில் இருட்டிய பிறகு ‘டக்டக்டக்... கிளிங்’ என்று சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். பேயல்ல, சினிமா ஒப்பந்தம். மெட்ராஸ் தயாரிப்பாளர்கள் நம் ஜில்லா விநியோகஸ்தர்களுக்குப் படம் விற்கும் பத்திரங்களை வக்கீல் ஆபீஸிலிருந்து வாங்கிவந்து வீட்டில் டைப் அடிப்பவள் நான். கான்வென்ட் இங்கிலீஷுக்குக் கிடைத்த வேலை. வீட்டுக்காரருக்கு வேலை தூத்துக்குடியில், சனிக்கிழமைதான் வருவார். கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் சகோதரிகளுக்கு மீதி புரியும்: மிஷின் நின்றால் பாப்பா முழித்துக்கொள்வாள், என் காது வாசலுக்குப் போய்விடும்.

இரண்டாம் பார்ட்டி

பத்திரத்தில் தயாரிப்பாளர் முதல் பார்ட்டி, விநியோகஸ்தர் இரண்டாம் பார்ட்டி. டவுனில் விநியோகம் செய்யும் அண்ணாச்சி ஒருவர், நான் பத்திரம் கொண்டுபோயிருந்த அன்று வக்கீல் ஆபீஸில் இதைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார். வக்கீல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்: “படம் எடுத்தது அவரு, சரி. ஆளக் கூட்டுதது நாமல்லா? என்னைய ஒண்ணுன்னு அடிச்சிட்டு, அவர ஒண்ணேகாலுன்னு அடிம்மா!”

ஆற்றின் கையெழுத்து

வெள்ளத்தால் படப்பெட்டி வந்து சேராவிட்டால் அனுப்பியவர் பொறுப்பல்ல என்று ஒரு ஷரத்து உண்டு. சேரன்மகாதேவி தியேட்டர்காரர் அதை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வக்கீலிடம் சொன்னார்: “அப்ப தாமிரவருணியையும் கூட்டியாந்து ஒரு கையெழுத்து வாங்கும் வே!”

அந்த ஐந்து

வரியில் காலியிடம் இருந்தால் சிறு கோடுகளால் அடைத்துவிட வேண்டும். பிறகு யாரும் எதையும் நுழைக்கக் கூடாதே. அண்ணாச்சியின் பத்திரத்தில் ‘உரிமை 5 வருஷம்’ என்ற இடத்தில் பாப்பா அழுதாள். எழுந்து போய் வந்ததில் ஐந்துக்கு முன்னால் இடைவெளி அப்படியே நின்றுவிட்டது.

கையெழுத்தான மறுநாள், இருட்டியதும் அண்ணாச்சியின் மேனேஜர் வந்தார். தயாரிப்பாளருக்கு அனுப்ப வேண்டிய பிரதியும் அவர் கையில்தான். “அஞ்சுக்கு முன்னால ஒரு ஒண்ணு தட்டிருங்க தாயி, பதினஞ்சாயிரும். இதே மிஷின்ல தட்டுனாத்தான் எழுத்து ஒத்துப்போவும்.” முடியாது என்று தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன். அவர் கதவைப் பைய ஆட்டிப் பார்த்தார். “தாப்பா சேராது போலுக்கே. பச்சப்பிள்ள வேற இருக்கு...”

வாங்கி மிஷினில் ஏற்றினேன். இரண்டு பிரதியிலும், ஐந்துக்கு முன்னால் நகம் நுழைய இடமில்லாமல் கோடு அடித்தேன். பிரதிக்கு ஒரு ‘டக்’ கேட்க வேண்டிய இடத்தில் ஏழு கேட்டதை அவர் கவனிக்கவில்லை. மடித்து நீட்டியதைப் பிரிக்காமலே பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “படிச்ச பிள்ளைன்னா படிச்ச பிள்ளைதான்!”

மூலைத் தெருவிளக்குக்குப் போய் அவர் பிரித்துப் பார்க்க நாலு நிமிஷம் ஆகும். மழைக்கு உப்பிய கதவில் ஆறு மாசமாக ஓட்டையில் சேராத தாழ்ப்பாளை அம்மிக் குழவியால் ஓங்கி ஓங்கி அடித்தேன். பாப்பா முழித்து அழுதாள், அழட்டும்.

பத்திரமானாலும் கதவானாலும் இடைவெளியை அடைக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்ற தொழில் பாடம், தாழ்ப்பாள் ‘டக்’ என்று உள்ளே இறங்கியபோதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.