கழுவிக் கழுவி வளர்த்த கடா

செம்மறி ஆட்டுக்கு ஈரம் ஆகாது என்பது, ஐந்து ஆடுகளை லொறியிலிருந்து இறக்கிக் கொட்டிலுக்குள் விட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. அதுவும் உடனே தெரியவில்லை. உடனே தெரிந்திருந்தால் நான் இவ்வளவு எரிச்சல்பட்டிருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டுக்காரர் கண்டியில் ஒரு புடவைக்கடையில் வேலை பார்த்தவர். கடையை மூடியதும் த்ரீவீல் ஓட்டத் தொடங்கினார். ஓட்டம் கிடைக்காமல் நிற்கும் நேரமெல்லாம் போனில் ஆடு வளர்க்கும் வீடியோ பார்ப்பார். அந்த வீடியோக்காரர் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு வறண்ட ஊரில் இருந்தார். அவருடைய ஆடுகள் நடந்தால் புழுதி எழும்பும். எங்கள் மடவளையில் புழுதியைப் பார்க்க வேண்டுமானால் அலுமாரிக்கு மேலேதான் பார்க்க வேண்டும். வெளியில் எந்த நாளும் சேறுதான்.

"இங்க அந்த வெயில் இல்லயே?" என்று கேட்டேன்.

"வெயில் இல்லாட்டி என்த? புல் ஈக்கிதானே. நீ எதுக்கெடுத்தாலும் பயப்படுற."

பயப்படுவது உண்மைதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள் நான். படித்தவர்களுக்கு ஒன்று தெரியாவிட்டால் யாரிடமாவது கேட்டுவிடுவார்கள். எனக்கோ, கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று ஒரு பயம், கேட்காவிட்டால் என்ன ஆகுமோ என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டே பாதி வயது போய்விட்டது.

நாலு பெட்டை, ஒரு கடா. புத்தளம் பக்கமிருந்து வந்தவை. கடாவுக்கு உடம்பெல்லாம் வெள்ளை, முகம் மட்டும் கபிலம். அதை ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்துக் குர்பான் கொடுப்பதாக இரண்டு பேரும் நிய்யத்து வைத்தோம். எத்தனையோ வருடமாகப் பெருநாள் அன்று எங்கள் வீட்டுக்கு இறைச்சிப் பொட்டலம் வரும். நல்ல மனதோடுதான் தருவார்கள். ஆனாலும் கதவைத் திறந்து வாங்கும்போது கொடுப்பவர் கை மேலே இருக்கும், என் கை கீழே இருக்கும். இந்த ஒரு வருடமாவது எங்கள் வாசலிலிருந்து பொட்டலம் போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஆடு வளர்க்க நான் சம்மதித்ததே அதற்காகத்தான்.

குர்பான் கடா என்றால் சும்மா இல்லை. கண், காது, கால் எதிலும் குறை இருக்கக் கூடாது. நொண்டுகிற ஆடு செல்லாது. அதனால் கடாவை ஒரு நாளைக்குப் பத்துத் தரம் பார்ப்பேன். காதை ஏதாவது கடித்துவிட்டதா, கண்ணில் தண்ணீர் வடிகிறதா, இருமல் சத்தம் கேட்கிறதா. "மாப்பிள்ளையப் பாக்கிற மாதிரி பாக்கிறாய்" என்று வீட்டுக்காரர் சிரிப்பார்.

கொட்டில் குசினிக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி. தரைக்கு சீமெந்து போட்டோம். சீமெந்து போட்டதற்குக் காரணம் நஜீஸ். ஆட்டு மூத்திரமும் புழுக்கையும் பட்ட உடுப்போடு தொழ முடியாது. மண்தரை என்றால் மூத்திரம் ஊறிக் கிடக்கும், மிதித்த காலோடு வீட்டுக்குள் வருவோம். சீமெந்து என்றால் கழுவிவிடலாம். கழுவினோம். காலையில் அவர் குழாயைப் பிடிப்பார், பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன்னால் நான் பிடிப்பேன். மூலை முடுக்கெல்லாம் தேய்த்து, சாக்கடை வரை தண்ணீர் தெளிவாக ஓடும் வரை விடமாட்டேன். மழைக்காலத்தில் அந்தத் தரை காய்வதற்குள் அடுத்த கழுவல் வந்துவிடும்.

மதிலுக்கு அந்தப் பக்கத்து வீட்டு ராத்தா எட்டிப் பார்த்து ஒரு நாள் கேட்டார்.

"என்த புள்ள, ஆட்டுக்கும் தொழக் கழுவி ஒளு எடுத்துக் குடுக்கிறயா?"

"நாத்தம் ஒங்கட பக்கம் வந்தா நீங்கதானே ராத்தா பேசுவீங்க!"

"நாத்தம் எங்க வாற? எங்கட ஊட்டு ஹோல் கூட இவ்வளவு சுத்தமில்ல. ஒரு கதிரையப் போடு, நானும் வந்து அங்கயே குந்துறன்."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மற்றபடி ஒன்றும் சரிவரவில்லை. பலா இலை போட்டால் ஆடு பாய்ந்து தின்னும் என்று கேள்விப்பட்டிருந்தோம். அது வெள்ளாடு. எங்களுடையவை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பின. ஒன்றைப் பிடித்து வெளியில் இழுத்தால் அது படுத்துக்கொள்ளும். விட்டால் ஐந்தும் ஒரே மூலைக்கு ஓடி ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். விடியற்காலையில் பனியோடு வெட்டிய புல்லைப் போட்டு ஒரு பெட்டைக்கு வயிறு உப்பிவிட்டது. அதை நடக்கவைத்து நடக்கவைத்து எனக்கு இடுப்பு விட்டுப் போனது. வீடியோக்காரர் இதையெல்லாம் சொல்லவில்லை. சொன்னாரோ என்னவோ, வீட்டுக்காரர் அந்த இடம் வரும்போது ஓட்டம் கிடைத்து எழும்பிப் போயிருப்பார்.

பெருநாளுக்குச் சில கிழமைகள் இருக்கும்போது கடா ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. முன்னங்கால் இரண்டையும் மடக்கி, முழங்காலில் நின்று, தலையைத் தரையோடு வைத்துப் புல் தின்றது. பின்னங்கால் நிமிர்ந்தபடியே இருக்கும்.

வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரு புள்ள. ஸுஜூதுல ஈக்கிது."

தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைப்பது போலவே இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. குர்பானுக்கென்று வைத்த கடா, அதற்கே தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் போட்டோ எடுத்துக் குடும்பத்து வட்ஸ்அப்பில் போட்டார். அக்குறணையிலிருந்து, மாவனல்லையிலிருந்து, கட்டாரிலிருந்து எல்லாம் மாஷா அல்லாஹ் வந்து விழுந்தது. கொடுத்துவைத்தவர்கள் நீங்கள் என்று என் நாத்தனார் குரல் பதிவு அனுப்பினார். நான் இரண்டு தரம் போட்டுக் கேட்டேன்.

பிறகு ஒரு பெட்டையும் அப்படி முழங்காலிட்டது. அதற்கு நாங்கள் எந்த நிய்யத்தும் வைத்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. கிட்டப் போய்க் கடாவின் காலைத் தூக்கினேன். குளம்பின் நடுவில் சிவந்து, வெடித்து, அழுகின நாற்றம். நாள் தவறாமல் கழுவின கொட்டிலில் அப்படி ஒரு நாற்றம்.

அரசாங்க மிருக வைத்தியரைக் கூப்பிட்டோம். சிங்களப் பெண், எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுதான். கடாவைப் பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பார்த்தார்.

"கூரை ஒழுகுதா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்ல டொக்டர், கழுவினது" என்றேன், கொஞ்சம் பெருமையோடுதான்.

"எத்தனை தரம்?"

சொன்னேன். அவர் கடாவின் காலைப் பிடித்துக் குளம்பைச் சீவத் தொடங்கினார். சீவிக்கொண்டே சொன்னார்: ஈரத்தில் நின்று நின்று குளம்பு ஊறி அழுகிவிட்டது. ஊன்ற முடியாத வலி. அதனால்தான் முழங்காலில் நின்று தின்கிறது.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மற்றவற்றுக்குத் துத்தம் கரைத்த தண்ணீரில் காலை நனைத்தால் போதும் என்றார் டொக்டர். கடாவுக்கு ஊசி போட்டால் சீக்கிரம் சுகமாகும். ஆனால் ஊசி போட்டால் அதன் இறைச்சியைக் கொஞ்சக் காலத்துக்குச் சாப்பிடக் கூடாது. எப்போது வரை என்று வீட்டுக்காரர் கேட்டார். டொக்டர் சொன்ன நாள் பெருநாளுக்கு அந்தப் பக்கம் விழுந்தது.

"ஊசி போடாட்டி?"

"நனைச்சுப் பாருங்க. இவ்வளவு முற்றினதுக்கு அதுக்குள்ள சுகமாகும் என்று நான் சொல்லமாட்டேன்."

வீட்டுக்காரர் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். "மருந்துத் தண்ணில நனைச்சுப் பாப்பம் புள்ள. அல்லாஹ் நாடினா நேராகிரும். எல்லாருக்கும் போட்டோ வேற போட்டாச்சி."

எனக்கும் அதே ஆசைதான். என் பொட்டலம், என் வாசல், என் கை மேலே. ஆனால் அங்கே கடா மறுபடியும் முழங்காலை மடக்கிக்கொண்டிருந்தது. மெதுவாக மடக்கியது, ஒரு கிழவன் படி இறங்குவது போல. இதையா நான் சிலிர்த்துப் பார்த்தேன் என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது.

"ஊசியப் போடச் சொல்லுங்க."

"பெருநாள்?"

"வலியோட நிக்கிறத வச்சிக்கொண்டு எனக்குப் பெருநாள் கொண்டாட ஏலா. போடச் சொல்லுங்க."

ஊசி போட்டாகிவிட்டது. வீட்டுக்காரர் கண்டியில் ஒரு கடையிலிருந்து சாமான் அடுக்கும் பலகைத் தட்டுகளை த்ரீவீலின் தலையில் கட்டிக்கொண்டு வந்தார். அதை உயர்த்தி அடித்து, கீழே புழுக்கை விழும்படி வைத்தோம். குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டினேன். அஸர் நேரம் வந்தால் கை தானாகக் குழாய்ப் பக்கம் போகும். இப்போது கொட்டிலுக்கென்று ஒரு பழைய உடுப்பு, வாசலில் ஒரு செருப்பு. தொழுகைக்கு நான் குளித்து மாற்றினேன்.

பெருநாள் காலை. பள்ளிவாசலில் தக்பீர் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது. கடா பலகை மேல் நாலு காலையும் அழுத்தி ஊன்றி நின்று புல் தின்கிறது. கால் மாற்றிக்கூட வைக்கவில்லை. தொழுதுவிட்டுப் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்கிறார்கள்.

"அருமையான கடா! இன்னும் அறுக்கல்லயா?" என்று வயதில் மூத்த நானா ஒருவர் கேட்டார்.

"ஊசி போட்ட கடா, நானா. இறைச்சி சாப்பிட ஏலா."

"நிக்கிறதப் பாத்தா ஒண்டும் தெரியல்லயே!"

தெரியாதுதான். அதுதானே என் கஷ்டம். வருகிற ஒவ்வொருவருக்கும் குளம்பு, ஈரம், ஊசி என்று முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு வாய் காய்ந்தது. கடைசியில் வீட்டுக்காரரை வாசலில் கதிரை போட்டு உட்காரவைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அங்கே அவர் என்ன சொன்னாரோ, சிரிப்புச் சத்தம் கேட்டது.

லுஹர் தொழுகைக்குப் பிறகு ராத்தா பொட்டலத்தோடு வந்தார். நான் கதவைத் திறந்து கையை நீட்டினேன்.

"ஈரல் கூட வச்சீக்கி" என்றார். பிறகு கொட்டில் பக்கம் எட்டிப் பார்த்தார். "இன்னைக்கு ஒளு இல்லயா?"

"இல்ல ராத்தா. தண்ணி இல்லாம தயம்மும் மட்டும்தான்."

சிரித்துக்கொண்டே போனார். இறைச்சியை அடுப்பில் ஏற்றினேன். வீட்டுக்காரர் குசினி வாசலில் வந்து நின்று, "அடுத்த பெருநாளைக்கு, இன்ஷா அல்லாஹ், இந்தக் கடாவையே குடுப்பம்" என்றார்.

இன்ஷா அல்லாஹ் என்றுதான் நானும் சொன்னேன். அதுவரைக்கும் புல் வெட்டப் போவது யார் என்று அவர் சொல்லவில்லை. பின்னால் கடா கத்தத் தொடங்கியது. காலையில் போட்ட புல் முடிந்துவிட்டது போல. அடுப்பைக் குறைத்துவிட்டு, பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு, கத்தியைத் தேடினேன்.