குடியாத்தத்துக் கள்ளுக்கு எட்டு மார்க்

வாணியம்பாடி தாண்டியதும் பெட்டியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைக்குட்டையை எடுத்து மூக்கை மூடினார்கள். அடுத்து தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ஆம்பூர் என்று அதற்கு அர்த்தம். எதிரே இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, "உங்களுக்கு நாறலியா சார்?" என்று என்னைக் கேட்டார். நாறாமல் என்ன, நன்றாகவே நாறியது. ஆனால் நான் மூக்கால் பிழைக்கிறவன். பெங்களூரில் ஒரு பீர் தொழிற்சாலையில், காய்ச்சியதை முகர்ந்து பார்த்து, ஒரு வாய் சுவைத்துத் துப்பி, நிறம், நுரை, வாசனை, ருசி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது என் வேலை. அதனால் ஜன்னலோரம் உட்கார்ந்து, இது உப்புப் போட்ட பச்சைத் தோல், இது சுண்ணாம்புத் தொட்டி, இது ஊறவைத்த பட்டை என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாளுக்கு என்மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

இது எண்பத்து மூன்றாம் வருடம், மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. தமிழ்நாட்டில் கள்ளுக்கடைகளைத் திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பீருக்கு மார்க் போடுகிறவன் கள்ளுக்கும் போட்டுப் பார்த்தால் என்ன என்று எனக்கு ஒரு ஆசை. ஈச்சங்கள், பனங்கள், தென்னங்கள் மூன்றும் ஒரே சமயத்தில் கிடைப்பது மாசியில்தான். ஆம்பூரில் என் தங்கை சரோஜாவின் வீடு இருக்கிறது. அவள் கணவர் மாணிக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில், பதப்படுத்தி முடித்த தோலுக்கு ஸ்ப்ரே கன்னால் நிறம் அடிக்கிறவர். துணைக்கு மாப்பிள்ளை, படுக்கத் தங்கை வீடு. வேறென்ன வேண்டும்?

ஆனால் போய் இறங்கிய அன்றே வேறொரு பொறுப்பும் தலையில் விழுந்தது. மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. சரோஜாவின் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் அடுத்த தெருக்காரர்கள் கிண்ணத்தோடு வருவார்கள். மாணிக்கம் தலையைத் தூக்காமல் சாப்பிட்டு, "நல்லாயிருக்குது" என்று ஒரு வார்த்தை சொல்லி எழுந்து போனார். நான் கை கழுவப் போனபோது சரோஜா பின்னாலேயே வந்தாள்.

"பாத்தியாண்ணா? ஒரு வருஷமா இப்டித்தான். போன வாரம் கத்திரிக்கா அடிபுடிச்சி தீஞ்சி போய்ட்ச்சி. புள்ளைங்க ரெண்டும் தட்டத் தள்ளிட்ச்சிங்க. இவுரு மட்டும் நல்லாயிருக்குதுன்னு முழுசா துன்னுட்டு போறாரு. நான் இன்னா போடுறேன்னே தெரியல அவுருக்கு. மனசு இங்க இல்லண்ணா. வேற எங்கியோ இருக்குது."

"சீ, மாணிக்கத்தப் போயி…"

"நீ தனியா கூட்டினு போறல்ல, கேளு. எதுவா இருந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லு. மறைக்காத."

அவள் கண் கலங்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பேரணாம்பட்டு பஸ். இருபது கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் ஒரு ரூபாய் நாற்பது பைசா. எங்கே போகிறோம் என்று கேட்ட கண்டக்டரிடம் மாணிக்கம் மறைக்காமல் சொன்னார். "கள்ளு குடிக்கப் போறோம். எங்க மச்சான் அதுக்கு மார்க் போடப் போறாரு." கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஃபெயிலானா இன்னா சார் பண்ணுவீங்க?" என்றார்.

ஆந்திர மலை தெரிகிற பக்கம், ஊருக்கு வெளியே ஒரு ஓலைக் கொட்டகை. ஈச்சங்கள் காலையில் இறக்கியது, பாட்டில் ஒன்றரை ரூபாய். லேசான கலங்கல். நுரை சின்னச் சின்னதாக, சீக்கிரம் அடங்கிவிடுகிறது. முகர்ந்தால் பழுத்த பேரீச்சையும் கொஞ்சம் பச்சைப் புல்லும். வாயை விட்டுப் போனபிறகும் இனிப்பு நாக்கில் நிற்கிறது. நான் ஒரு வாய் சுவைத்து, வழக்கம்போல் ஓரமாகத் துப்பினேன். கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"காசு குடுத்து வாங்கினத யாராவது துப்புவாங்களா மச்சான்? மானம் போவுது" என்று மாணிக்கம் என் தம்ளரை வாங்கித் தானே குடித்தார். அதற்கப்புறம் அன்று முழுக்க நான் துப்பவில்லை. நான் எட்டு போட்டேன். அவர் யோசித்து, "நாலு" என்றார். "சப்புன்னு இருக்குது, சக்கரத் தண்ணியாட்டம்."

இவ்வளவு வாசனையான கள்ளு எப்படிச் சப்பென்று இருக்கும்? பழக்கமில்லாத நாக்கு என்று விட்டுவிட்டேன்.

பதினோரு மணிக்குக் குடியாத்தம். பஸ் நிலையத்திலிருந்து நடந்து போகிற வழியெல்லாம் தறிச் சத்தம். ஞாயிற்றுக்கிழமையிலும் லுங்கித் தறி ஓடிக்கொண்டிருந்தது. கள்ளுக்கடையில் பனங்கள் ஒரு ரூபாய் எழுபது பைசா. கடைக்காரர் பெரிய பானையிலிருந்து புனல் வைத்துப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். தம்ளரை மூக்குக்குக் கொண்டுபோன நான் அப்படியே கீழே வைத்தேன். மண்ணெண்ணெய்! பக்கத்தில் இருந்த தறிக்காரர் ஒருவர் ஒரு வாய் வைத்துத் தூவென்று துப்பி, "யோவ், கிருஷ்ணாயில் ஊத்துற புனலாய்யா இது?" என்று எகிறினார். கடைக்காரர் புனலை முகர்ந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "வூட்டுக்காரி மாத்தி வச்சிட்டா சார், பேஜாராப் போச்சி" என்று எல்லாருடைய பாட்டிலையும் பிடுங்கிக் கொட்டினார்.

மாணிக்கம் மட்டும் தன்னுடையதைக் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு எதுவும் மிச்சமில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இது பரவால்ல மச்சான். நல்லா புளிப்பா, சுருக்குன்னு இருக்குது. எட்டு போடலாம்."

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தீய்ந்த கத்திரிக்காயும், சப்பென்ற ஈச்சங்கள்ளும், இந்த எட்டு மார்க்கும் ஒன்றாகச் சேர்ந்து எனக்கு விளங்கிவிட்டது.

மாதனூர் வரை பஸ்ஸில் கேட்க மனம் வரவில்லை. பாலாற்றங்கரைத் தென்னந்தோப்பில் மூன்றாவது கடை. பாட்டிலை வாங்கிக்கொண்டு ஆற்று மணலில் இறங்கி உட்கார்ந்தோம். தண்ணீர் இல்லாத ஆறு. தென்னங்கள்ளை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன்.

"மாப்ள, வாசன தெரியலியா உங்களுக்கு?"

அவர் மணலையே பார்த்தபடி சொன்னார்.

"போன வருஷம் ஜலதோஷம் புடிச்சிது மச்சான். ஜலதோஷம் போய்ட்ச்சி, மூக்கு திரும்பி வர்ல. ஸ்ப்ரே அடிக்கிறதாலன்னு ஒருத்தர் சொல்றாரு, இல்லன்னு ஒருத்தர் சொல்றாரு. டாக்டரு வந்தாலும் வரும்னாரு. புளிப்பு தெரியுது, இனிப்பு தெரியுது, உப்பு தெரியுது, காரம் தெரியுது. மத்ததெல்லாம் சுடுதண்ணிதான்."

"சரோஜாகிட்ட ஏன் சொல்லல?"

"எப்டி சொல்றது? ஊரே அவ கைப்பக்குவத்த பேசுது. விடிகாலைல எழுந்து அரைச்சி, வறுத்து, எனக்குன்னு ஆக்குறா. இந்த ஆளுக்கு ஒண்ணுமே தெரியலன்னு தெரிஞ்சா அவ மனசு ஒடஞ்சிடாதா? நல்லாயிருக்குதுன்னு சொல்லினே இருந்தா அவளாவது சந்தோஷமா இருப்பான்னுதான்."

மனிதர் ஒரு வருடமாக இப்படித் தனியாகச் சாப்பிட்டிருக்கிறார். அதற்குமேல் மறைக்க நானும் விரும்பவில்லை. "அவ சந்தோஷமா இல்ல மாப்ள. உங்க மனசு வேற எங்கியோ போய்ட்ச்சின்னு நெனச்சினு இருக்கறா" என்றேன்.

பாட்டில் அவர் கையிலிருந்து சாய்ந்து மணல் கள்ளைக் குடித்தது. "அய்யோ" என்று மட்டும் சொன்னார். மாதனூர்த் தென்னங்கள்ளுக்கு நாங்கள் இருவருமே மார்க் போடவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மாணிக்கம் செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் அடுப்பங்கரைக்குப் போனார். சரோஜா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அவள் அரிவாள்மனையை விட்டு எழுந்தாள்.

"மூக்கா?"

"ஆமா."

"மூக்கு மட்டும்தானா?"

"மூக்கு மட்டும்தான்."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவர் தோளில் ஒரு அடி வைத்தாள், பிறகு அந்தத் தோளிலேயே முகத்தை வைத்து ஓவென்று அழுதாள். "மூக்குதானேய்யா போச்சி! நீயே போய்ட்டன்னு நெனச்சினு இருந்தேன் நானு!" நான் மெதுவாக வெளியே வந்து, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். அன்று ராத்திரி சாப்பாட்டில் சரோஜா அவரை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். இது தெரியுதா, இது எவ்ளோ தெரியுது, மொறுமொறுப்பு புடிக்குதா? எங்கள் தொழிற்சாலையில்கூட யாரும் அவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. அவரும் பொய் சொல்லாமல் பதில் சொன்னார். குழம்புக்கு மூன்று, எலுமிச்சை ஊறுகாய்க்கு ஒன்பது.

திங்கட்கிழமை காலை இருவரும் ரயிலடிக்கு வந்தார்கள். என் தொழிலில் வாசனை இல்லாத எதுவும் தேறாது. நுரை எப்படிப் பொங்கினாலும், நிறம் எப்படி மின்னினாலும், மணம் இல்லையென்றால் கீழே கொட்டிவிடுவோம். அதைத்தான் சரி என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

பூக்காரம்மா கூடையோடு வந்தார். "மல்லி வாங்கிக்கம்மா, இப்ப பறிச்சது, கமகமன்னு இருக்குது" என்றார். சரோஜா மல்லியைத் தொடவில்லை. ஒதுக்கி வைத்திருந்த கனகாம்பரத்தில் இரண்டு முழம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாடி, மல்லிகைன்னா உயிர உடுவியே?" என்றேன்.

"இனிமே இதாண்ணா" என்றாள். "இதுல யாருக்குமே வாசன வராது. அவுருக்கு மட்டும் கம்மியாவாதுல்ல."

ரயில் நகர்ந்தது. மாணிக்கம் எனக்குக் கையாட்ட மறந்து, அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.